ஞாயிற்றுக்கிழமைக்கு வயது என்ன?



போன மே மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முதல் வாரம் கிளப் ஹவுஸில் பொழுதுபோக்குக் கண்காட்சி நடந்தது. கோல நோட்டு, பழைய நாணயம், மாடித் தோட்டத்துக் கத்தரிக்காய், பிள்ளைகள் வரைந்த படங்கள் என்று மேசை நிறைந்திருந்தது. அடுத்த இரண்டு வாரங்களும் பிளாக்குகளுக்கு இடையே கால்பந்து. கடைசி வாரத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. சிலர் ஏலகிரி, சிலர் அமிர்தி. சனிக்கிழமை மாலை காவலூர் போய், வைணு பாப்பு ஆய்வகத்தில் தொலைநோக்கி வழியாக வானம் பார்த்து வந்தவர்களும் உண்டு. எங்கும் போகாதவர்கள் வேலூர்க் கோட்டைப் புல்வெளியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். மொத்தத்தில் நல்ல மாதம்.

கண்காட்சியில் நான் என் தபால்தலை ஆல்பத்தை வைத்திருந்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி, 2005-ல் நம் அஞ்சல் துறை வெளியிட்ட ஒரு தலையைக் காட்டி, “தாத்தா, இவர் யார்?” என்று கேட்டாள்.

“நாராயண் மேகாஜி லோகாண்டே. நமக்கு ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கொடுத்தவர்” என்றேன்.

“ஞாயிற்றுக்கிழமை எப்பவுமே இருக்கே தாத்தா?” என்றாள்.

அவள் கேட்டது நியாயம்தான். கிழமை எப்போதும் இருந்தது. லீவுதான் இருக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு அங்கே நின்றபடி சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். பெரியவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பக்கம் ஓய்வே இல்லாமல் இல்லை. அது வாரக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள். இன்றைக்கும் வீடு கட்டுகிறவர்களைக் கேளுங்கள், பல கொத்தனார்கள் அமாவாசைக்கு வேலைக்கு வர மாட்டார்கள். அறுவடை முடிந்த தை, மாசியில் எருது விடும் விழா. மாசியில் மயானக் கொள்ளை. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதுவும் மே மாதத்தில்தான் வரும், இந்த ஆண்டும் நம்மில் பலர் போய் வந்தோம். வானமும் நிலமும் சாமியும் சேர்ந்து எப்போது ஓய்வு என்று முடிவு செய்த காலம் அது.

இயந்திரம் வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. 1850-களில் பம்பாயில் பஞ்சாலைகள் தொடங்கின. ஆலைக்கு அமாவாசையும் இல்லை, அறுவடையும் இல்லை. விடிந்தால் வேலை, இருட்டினால் வீடு. அரசு அலுவலகங்களிலும் கோர்ட்டிலும் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு ஞாயிறு விடுமுறை ஏற்கெனவே உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு அது கிடையாது.

இங்கே வங்கிக்காரன் என்ற முறையில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1881-ல் இந்தியாவில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று மாற்றுமுறை ஆவணச் சட்டம், அதாவது செக், உண்டியல், பிராமிசரி நோட்டுக்கான சட்டம். நான் பி.காம். படிக்கும்போது இதை மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் 25-வது பிரிவு, ஒரு நோட்டு முதிர்வடையும் நாள் பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. பொது விடுமுறை என்பதில் ஞாயிற்றுக்கிழமையும் சேரும் என்று விளக்கமும் இருக்கிறது. வங்கி விடுமுறைப் பட்டியலில் இன்றும் இந்தச் சட்டத்தின் பெயரைத்தான் பார்க்கிறீர்கள்.

அதே 1881-ல் வந்த இன்னொன்று இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம். அதில் பெரியவர்களுக்கு விடுமுறையே கிடையாது. ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேர வேலை, மாதம் நான்கு நாள் விடுமுறை. சட்டம் கொடுத்தது அவ்வளவுதான். ஆக, அந்த ஆண்டில் ஒரு காகிதத்துக்கு ஞாயிறு விடுமுறை இருந்தது, அந்தக் காகிதத்தின் பணத்தை உழைத்துக் கொடுத்த ஆளுக்கு இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சட்டத்தோடு புழங்கியவன் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் இரண்டு ஆண்டுகளும் ஒன்று என்பதைக் கவனித்தேன்.

லோகாண்டே பம்பாய்ப் பஞ்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். நம்மைப் போலப் பேரேட்டோடு பழகியவர். ஜோதிராவ் புலேயின் இயக்கத்தைச் சேர்ந்தவர், ‘தீனபந்து’ என்ற பத்திரிகையையும் நடத்தினார். 1884-ல் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி ஒரு கோரிக்கை மனு தயாரித்தார். ஞாயிறு விடுமுறை, நண்பகலில் அரை மணி ஓய்வு, காலை ஆறரைக்கு ஆரம்பித்துச் சூரியன் மறைந்ததும் நிறுத்துவது, மாதச் சம்பளம் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கைக்கு வருவது ஆகியவைதான் கேட்டவை. இதில் எது அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதற்கு ஆறு ஆண்டு ஆனது. 1890 ஏப்ரலில் பம்பாயில் பத்தாயிரம் பேர் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் பெண் தொழிலாளர்கள் இருவரும் மேடையேறிப் பேசியிருக்கிறார்கள். 1890 ஜூன் 10-ம் தேதி ஆலை முதலாளிகள் சங்கம் ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு, 1891-ன் தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை எல்லாத் தொழிலாளர்களுக்கும் எழுதப்பட்டது. அந்தச் சிறுமி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: உழைப்பாளியின் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் 140 வயதுகூட ஆகவில்லை.

ஆனால் இந்த ஞாயிறு பம்பாயில் ரயிலேறி நேராக ஆம்பூரில் வந்து இறங்கிவிடவில்லை.

காரணம் சட்டத்தின் விளக்கத்தில் இருக்கிறது. தொழிற்சாலை என்றால் இயந்திர சக்தி ஓட வேண்டும், குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் இருக்க வேண்டும். 1881-ல் நூறு பேர், 1891-ல் ஐம்பது பேர். பாலாற்றங்கரையில் அன்று இருந்த தோல் ஷாப்புகளை மனதில் கொண்டு வாருங்கள். சுண்ணாம்புத் தொட்டி, பட்டைக் குழி, ஆவாரம்பட்டை, கடுக்காய். தோலை ஊறவைத்து, முடி நீக்கி, சதை வழித்து, திரும்பத் திரும்பப் புரட்டிப் போடும் வேலை எல்லாம் கையாலும் காலாலும்தான். இயந்திரம் இல்லாததால் அது தொழிற்சாலை இல்லை. தொழிற்சாலை இல்லையென்றால் சட்டப்படி ஞாயிறும் இல்லை. முழங்கால் வரை சுண்ணாம்பு நீரில் நிற்கும் ஆளுக்கு, பக்கத்தில் ஒரு மோட்டார் ஓடாத குற்றத்துக்காக விடுமுறை கிடையாது.

1929-ல் விட்லி தலைமையில் அமைத்த ராயல் கமிஷன் 1931-ல் அறிக்கை கொடுத்தது. சட்டத்தின் கண்ணில் படாத தொழில்கள் என்று அவர்கள் தனியாக எடுத்துப் பேசியவற்றில் பீடி, கம்பளம், அரக்கு, மைக்கா ஆகியவற்றோடு தோல் பதனிடுதலும் இருந்தது. 1938-ல் வந்த குழந்தைகள் வேலைச் சட்டம், பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை வைக்கக் கூடாத தொழில்களின் பட்டியலில் தோல் பதனிடுதலையும் சேர்த்தது. 1947-ல் சென்னை மாகாணம் இயந்திர சக்தி இல்லாத தொழிற்கூடங்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. கடைசியில் 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. சக்தி இருந்தால் பத்து பேர், இல்லாவிட்டாலும் இருபது பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. வாரம் 48 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு லீவு. 1949 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. இந்த நாடு சுதந்திரம் அடைந்த பிறகுதான் பட்டைக் குழிக்குச் சட்டப்படி ஞாயிறு வந்தது என்று சொன்னால் தப்பில்லை.

இடையில் நம் சென்னையும் சும்மா இருக்கவில்லை. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் முதலியோர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, பின்னி ஆலைத் தொழிலாளர்களின் முக்கியக் குறைகளில் ஒன்று மதிய இடைவேளை. சாப்பிட்டு வர நேரம் போதவில்லை என்பதுதான். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் மே தினம். நம் மே மாதம் தொடங்கும் நாளுக்கே இப்படி ஒரு கதை இருக்கிறது.

கிடைத்த ஓய்வில் மக்கள் என்ன செய்தார்கள்? கூலிக்காரனுக்கு லீவு கொடுத்தால் குடித்துக் கெடுவான் என்று முதலாளிகள் சொன்னதுண்டு. சிலர் குடித்திருக்கலாம். பெரும்பாலானவர்கள் பந்து விளையாடினார்கள்.

இங்கிலாந்தில் 1850-ல் ஒரு சட்டம் வந்தது. பெண்களும் இளையவர்களும் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது, அதனால் ஆண்களுக்கும் அரை நாள் கிடைத்தது. இரண்டு மணிக்கு விட்டால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மைதானத்தில் இருக்கலாம். இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டங்கள் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கும் பழக்கம் அப்படி வந்ததுதான். நம் நாட்டிலும் பாருங்கள். கல்கத்தாவின் மோகன் பகான் அணி, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வாங்கியது 1911 ஜூலை 29-ல். காலண்டரைத் திருப்பிப் பார்த்தால் அதுவும் ஒரு சனிக்கிழமை.

அன்று உதைத்தது தோல் பந்து. உலகக் கோப்பையில் 1986 மெக்சிகோ ஆட்டங்களில்தான் முழுக்கச் செயற்கைப் பொருளால் ஆன பந்து முதன்முதலாக வந்தது. தோல் ஊரில் குடியிருக்கும் நம் பிள்ளைகள் இன்று உதைப்பதும் செயற்கைப் பந்துதான். மழையில் நனைந்து கனத்த தோல் பந்தைத் தலையால் முட்டிய அனுபவம் உள்ளவர்கள் நம் குடியிருப்பில் என் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் இருப்போம்.

எங்களுக்கும் வங்கியில் சனிக்கிழமை அரை நாள். கேஷ் டேலி ஆகும்போது மதியம் இரண்டு தாண்டிவிடும், ஆனாலும் அது தந்த சந்தோஷம் தனி. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை முழு விடுமுறையானது 2015 செப்டம்பர் 1 முதல். நான் இந்தத் தோல் வட்டாரக் கிளை ஒன்றில் பல வருடம் கவுண்டரில் இருந்தேன். வாரக் கூலி பட்டுவாடாவுக்குத் தோல் ஷாப் கணக்குப்பிள்ளைகள் துணிப் பையோடு வந்து சில்லறை நோட்டாகக் கேட்பார்கள். 1970-களில் பச்சைத் தோலும் அரைப் பதத் தோலும் ஏற்றுமதியாவதை அரசு கட்டுப்படுத்திய பிறகு, பதனிட்டு அனுப்பிய இடத்தில் ஷூவின் மேல்பாகமும் முழு ஷூவும் தைக்கும் கம்பெனிகள் வளர்ந்தன. அதோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். விடியற்காலையில் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றும் ஷூ கம்பெனி பஸ்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பாஸ்புக் எழுத வந்த ஒரு பெண்ணிடம், “ஞாயிற்றுக்கிழமை என்னம்மா செய்வீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “ஆறு நாள் துணியும் அன்னிக்குத்தான் சார் துவைக்கணும். மாவு அரைக்கணும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம் கோட்டைக்குப் போவோம், பசங்க கேக்குதுங்க” என்றார். சட்டம் ஒரு நாளைக் கொடுக்கலாம். அந்த நாளை வீட்டில் யார் யார் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பது வேறு கணக்கு. அதை அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாங்கியது கையிலேயே இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2023 ஏப்ரல் 21-ல், ஆலைகளில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தரும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, நாலு நாளில் முடித்துவிடலாம் என்றார்கள். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாளில் நிறுத்திவைத்து, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பன்னிரண்டு மணி நேரம் ஒரு மனிதனால் முடியுமா என்று அந்தப் பத்து நாளும் நம் வாட்ஸ்அப் குழுவில் நாமும் காரசாரமாகப் பேசினோம்.

அப்போது நம் வாசலில் நின்றவர்களை நான் நினைக்கவில்லை. உங்களில் எத்தனை பேர் நினைத்தீர்கள் என்று தெரியாது.

மே மாதக் கால்பந்தின் கடைசி ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ‘சி’ பிளாக் கோல்கீப்பர் பையனுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. பிள்ளைகள் ஓடிப்போய் இரண்டாவது கேட் செக்யூரிட்டித் தம்பியை இழுத்து வந்தார்கள். பள்ளிக்கூட நாளில் ஆம்பூர்ப் பக்கம் கோல்கீப்பராக ஆடியவராம். யூனிஃபார்ம் ஷூவைக் கழற்றிவிட்டு நின்று இரண்டு கோலைத் தடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கேட்டில் ஒரு கார் ஹாரன் அடித்தது. பந்தை விட்டுவிட்டு ஓடினார்.

அந்தக் கார் என்னுடையது. ஆம்பூரிலிருந்து பிரியாணிப் பார்சலோடு வந்துகொண்டிருந்தேன். கேட்டில் ஆள் இல்லையே என்ற கோபத்தில் ஒன்றுக்கு மூன்று தடவை அடித்தேன். “சாரி சார்” என்றார். பிள்ளைகள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது.

ஜூன் முதல் வாரம் சங்கக் கணக்கைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது, ஏஜென்சி பில்லோடு மே மாத வருகைப் பதிவேடும் வந்தது. நமக்கு நாலு காவலர்கள், இரண்டு கேட், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். நாலு பேருக்கும் 31 நாளுக்கு 31 டியூட்டி. ஒருவருக்கு 372 மணி நேரம். வாரம் 48 மணி என்று கணக்குப் போட்டால் அந்த மாதத்துக்கு ஏறக்குறைய 213 மணிதான் வரும். நாம் ஏலகிரி ஏறியபோதும், காவலூரில் வானம் பார்த்தபோதும், கோட்டையில் சுண்டல் சாப்பிட்டபோதும் அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம்கூட காலியாக இல்லை.

“ஏன் தம்பி லீவு எடுப்பதில்லை?” என்று கேட்டேன். “லீவு எடுத்தா அன்னிக்குச் சம்பளம் இல்லை சார்” என்றார். கேட்டால் கொடுப்பார்கள், கூலியைப் பிடித்துக்கொண்டு. இதுவும் பழைய வழக்குதான். அதனால்தான் 1942-ல் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் வார விடுமுறைச் சட்டம் போட்டபோது, விடுமுறைக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது என்றும் சேர்த்து எழுதினார்கள். சம்பளம் இல்லாத ஞாயிறு ஓய்வு இல்லை, பட்டினி என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கணக்கு ரொம்ப எளிது. நாலு பேருக்கும் வாரம் ஒரு நாள் என்றால் மாதத்துக்குப் பதினாறு மாற்று டியூட்டி, ஐந்து ஞாயிறு வரும் மாதத்தில் இருபது. டியூட்டிக்கு 600 ரூபாய் வீதம் 9,600 முதல் 12,000 ரூபாய். நம் 120 வீட்டுக்கும் வகுத்தால் மாதம் வீட்டுக்கு 80 முதல் 100 ரூபாய். அந்தப் பிரியாணிப் பார்சலின் விலைகூட இல்லை. நாலு பேரும் முன்பு வாங்கிய சம்பளத்தையே வாங்குவார்கள். பன்னிரண்டு மணி ஷிஃப்டை எட்டாகக் குறைப்பது அடுத்த பேச்சு, அதற்கு இன்னும் மூன்று நாலு ஆட்கள் வேண்டும். துப்புரவு வேலை செய்யும் அக்காக்களின் பதிவேட்டையும் கேட்டிருக்கிறேன், அடுத்த இதழில் எழுதுகிறேன். முதலில் இந்த ஒரு நாள்.

வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பராமரிப்புக் கட்டணம் ஏற்கெனவே அதிகம் என்று சிலர் சொல்வீர்கள். சொல்லுங்கள், பேசுவோம். லோகாண்டேயின் மனுவுக்கு ஆறு ஆண்டு ஆனது. நமக்கு ஒரு மாலை போதும் என்று நம்புகிறேன்.

அடுத்த மே மாதமும் ஆட்டம் இருக்கும். அந்தத் தம்பியை எந்த பிளாக் அணியில் சேர்ப்பது என்று பிள்ளைகள் இப்போதே சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.